பிரஷர் பத்தி நம்ம மலையகத்து ஆளுங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் அட்டன் பக்கம் ஒரு பாமசில வேல செய்றேன். கவுண்டருக்கு வர்றவங்க கையில இருக்குற மருந்துத் துண்டுல முக்காவாசி பிரஷர் குளிசதான் (மாத்திரதான்), கேக்குற கேள்வியும் திரும்பத் திரும்ப அதேதான். பின்னால கியூல ஆள் நிக்கும்போது நின்னு நிதானமா பதில் சொல்ல ஏலாது, அதனால எல்லாத்தையும் இங்க எழுதி வைக்கிறேன். நான் டொக்டர் இல்ல, உங்க குளிசைய கூட்டுறது கொறைக்கிறது எல்லாம் உங்க கிளினிக் டொக்டர்தான் சொல்லணும்.

பிரஷர்னா என்னா? மேல ஒரு நம்பர் கீழ ஒரு நம்பர் எழுதுறாங்களே?

நம்ம லயத்துக்கு (தோட்டத்து வரிச வீடுகளுக்கு) மேல மலையில ஊத்துல இருந்து ஓஸ் இழுத்து பீலிக்கு தண்ணி எடுக்குறோம்ல, மழ நாள்ல தண்ணி வேகமா வந்தா ஓஸ் ஜொயின்ட் எல்லாம் கழண்டு போகும், பழைய ஓஸ்னா வெடிச்சே போகும். ரத்தக் கொழாயும் அப்படித்தான். இதயம் அமுக்கி ரத்தத்த தள்ளும்போது கொழாய் சுவர்ல படுற அழுத்தம் மேல உள்ள நம்பர், இதயம் தளர்ந்து இருக்கும்போது உள்ள அழுத்தம் கீழ உள்ள நம்பர். 120/80 பக்கத்துல இருந்தா நல்லது. வேற வேற நாள்ல ரெண்டு மூணு தடவ பாத்தும் 140/90 அல்லது அதுக்கு மேல இருந்தா அதத்தான் ஹை பிரஷர்னு சொல்றாங்க. வீட்டுல நீங்களே மெஷின்ல பாக்குறதா இருந்தா 135/85 தான் கணக்கு, ஏன்னா வீட்டுல கொஞ்சம் கொறவாத்தான் காட்டும்.

மேல உள்ளது மட்டும் கூட இருந்தாலும் பிரஷர்தான். வயசானவங்களுக்கு அப்படித்தான் வரும், 170/80 மாதிரி. "கீழ நோர்மல்தானே"ன்னு விட்டுறாதீங்க.

ஆஸ்பத்திரில ஒரு தடவ பாத்தாங்க, 156 காட்டிச்சு. அப்போ எனக்கு பிரஷரா?

ஒரு தடவையில சொல்ல ஏலாது. எப்படி பாத்தாங்கங்கிறது பெரிய விஷயம். நீங்க பஸ்ஸ விட்டு எறங்கி ஏத்தத்துல மூச்சு வாங்க ஏறி வந்து, கதவுக்கிட்ட சனம் தள்ளுது, நம்பர் கூப்புடுறாங்க, ஒக்காந்த ஒடனே கையில பட்டிய சுத்துறாங்க, அந்த நேரம் யாருக்குத்தான் ஏறாது?

நம்ம ஊர்ல இன்னொன்னு இருக்கு, சுவேட்டர். குளிருக்கு உள்ள ஒரு சட்ட, மேல சுவேட்டர், அதுக்கு மேல ஒரு ஜெக்கட். கழட்டாம கைய மட்டும் தோள் வரைக்கும் சுருட்டி விடுறோம், அந்த சுருட்டுன துணி கைய இறுக்கிப் புடிச்சிருக்கும், இல்லாட்டி துணிக்கு மேலயே பட்டிய கட்டிடுறாங்க. ரெண்டுமே சரியான நம்பர் காட்டாது. கிளினிக் போற நாள்ல ஒரு கைய லேசா கழட்டக்கூடிய மாதிரி உடுத்துட்டு போங்க, அது போதும்.

முறையா பாக்குறதுன்னா, ஒண்ணுக்கு போயிட்டு வந்து கதிரையில முதுகு சாஞ்சு அஞ்சு நிமிஷம் சும்மா இருக்கணும், ரெண்டு காலும் தரையில, கால் மேல கால் போடக்கூடாது, கை இதய மட்டத்துல மேச மேல இருக்கணும், பாக்கும்போது கதைக்கக்கூடாது. அதுக்கு முன்னால அரை மணித்தியாலம் தேத்தண்ணி, சிகரெட், வெத்தல ஒண்ணும் வேணாம். ஒரு நிமிஷம் விட்டு ரெண்டாவது தடவையும் பாருங்க.

சிலருக்கு ஆஸ்பத்திரில மட்டும் ஏறும், வீட்டுல நோர்மலா இருக்கும். சிலருக்கு தலகீழா, அங்க நோர்மல் வீட்டுல கூட. அதனாலதான் ஒரு நம்பர வச்சு பயப்படவும் வேணாம், ஒரு நம்பர வச்சு சந்தோஷப்படவும் வேணாம்னு சொல்றேன்.

எனக்கு தலவலி இல்ல, மயக்கம் இல்ல, பெடரி வலி இல்ல. பிரஷர் இருந்தா தெரியாதா?

தெரியாது. இத எத்தன தடவ சொன்னாலும் ஆளுங்க நம்ப மாட்டேங்குறாங்க, ஆனா இதுதான் உண்ம. 170, 180 இருக்கும், ஆள் கொழுந்து பறிச்சிட்டு சிரிச்சு பேசிட்டு இருப்பாங்க. அதே மாதிரி பெடரி வலிக்குதுன்னு ஓடி வர்றவங்களுக்கு பாத்தா பிரஷர் நோர்மலா இருக்கும், கூடைய தலையில மாட்டி இழுத்த வலியா இருக்கும். உலகம் பூரா 100 கோடிக்கு மேல ஆளுங்களுக்கு பிரஷர் இருக்கு, அதுல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு தனக்கு இருக்குறதே தெரியாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023ல சொல்லிச்சு. வலி இல்லாததால யாரும் பாக்குறதில்ல, ஆனா அது உள்ளுக்குள்ள இதயம், மூள, கிட்னி, கண்ணு எல்லாத்துலயும் வருஷக் கணக்கா வேல செய்யுது. தெரிஞ்சுக்க ஒரே வழி அளந்து பாக்குறதுதான்.

நாங்க நாள் பூரா மலை ஏறி எறங்குறோம், ஒக்காந்து வேல செய்றவங்களுக்குத்தானே இது வரும்?

நியாயமான கேள்விதான். ஒடம்பு அசையிறது நல்லதுதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா பிரஷருக்கு காரணம் அது ஒண்ணு மட்டும் இல்ல. பரம்பர இருக்கு, வயசு இருக்கு, உப்பு இருக்கு, பொகயில இருக்கு, சாராயம் இருக்கு, தூக்கம் கொறவு, கடன் யோசன, அடுப்புப் பொக. சின்ன வயசுல சாப்பாடு பத்தாம, பொறக்கும்போதே எட கொறவா பொறந்தவங்களுக்கு பின்னாடி பிரஷர் வர்ற வாய்ப்பு கூடன்னும் கண்டுபுடிச்சிருக்காங்க, நம்ம தோட்டங்கள்ல அது எத்தன பேருக்கு பொருந்தும்னு நான் சொல்லத் தேவையில்ல. அதோட குளிர். குளிருக்கு ரத்தக் கொழாய் சுருங்கும், பிரஷர் கொஞ்சம் ஏறும், டிசம்பர் ஜனவரில நுவரெலியா, ராகல பக்கம் பனி கொட்டுற மாசத்துல கிளினிக் கொப்பில நம்பர் கூடுறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

மெலிஞ்ச ஆளுங்களுக்கு வராதுங்கிறதும் பொய். நம்ம ஊர்ல பிரஷர் குளிச எடுக்குறவங்கள்ல எத்தனயோ பேர் ஒல்லியாத்தான் இருக்காங்க.

உப்பக் கொறைக்கச் சொல்றாங்க. உப்பு இல்லாம எப்படி சாப்புடுறது?

உப்பே இல்லாமன்னு யாரும் சொல்லல. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு கொறவா, அதாவது எல்லாம் சேத்து ஒரு தேக்கரண்டி. கணக்கு பாத்துருவோம். வீட்டுல நாலு பேர்னா ஒரு நாளைக்கு 20 கிராம், 400 கிராம் பக்கெட் ஒண்ணு ஆகக்கொறஞ்சது 20 நாள் வரணும். உங்க வீட்டுல எத்தன நாள்ல முடியுதுன்னு பக்கெட் மேல தேதிய எழுதி வச்சு பாருங்க. இதுல பெரிய விஷயம் என்னன்னா அந்த 20 நாளும் கூட சரி இல்ல, ஏன்னா நம்ம கையால போடுற உப்பு மட்டும்தான் அந்த பக்கெட்ல இருக்கு, கடையில இருந்து சாப்பாட்டுக்குள்ளயே வர்ற உப்பு வேற கணக்கு.

அது எங்க இருக்குன்னா, கருவாடு, நெத்திலி, ஊறுகா, அச்சாறு, பப்படம், மிக்சர் பக்கெட், பாண், பணிஸ், சூப் கட்டி, நூடில்ஸ்ல வர்ற சின்ன பக்கெட், சோயா மீட்டுக்குள்ள வர்ற மசாலா பக்கெட். அந்த சோயா மசாலாவ ஒடச்சு நாக்குல வச்சு பாருங்க, தனி உப்பு மாதிரியே கரிக்கும். அதப் போட்டுட்டு கறிக்கு மறுபடி உப்பும் போடுறோம். அந்த பக்கெட்ல பாதிய மட்டும் போடுங்க, மிச்சத்துக்கு வீட்டு கறித்தூள், பூண்டு, தேசிக்கா. அஜினமோட்டோவுலயும் சோடியம் இருக்கு.

கருவாடு இல்லாம நம்ம வீட்டுல கறி நடக்காதுன்னு எனக்கும் தெரியும். கொதி தண்ணில அரை மணித்தியாலம் ஊறப் போட்டு அந்தத் தண்ணிய ஊத்திட்டு இன்னொரு தடவ அலசி எடுங்க, உப்பு முழுக்க போகாது, ஆனா நல்லா கொறையும், பெறகு அந்தக் கறிக்கு தனியா உப்பு வேணாம். காலைல வேலைக்கு கட்டிட்டு போற ரொட்டி, சம்பல்தான் இன்னொரு எடம். ரொட்டி மாவுலயும் உப்பு, சம்பல்லயும் உப்பு. ரெண்டுல ஒண்ணுல நிப்பாட்டுங்க, மாவுக்கு உப்பு போடாம சம்பல்ல மட்டும் அளவா போட்டா சேத்து திங்கும்போது வித்தியாசமே தெரியாது. மொத ரெண்டு மூணு கிழமைக்கு சப்புன்னு இருக்கும், பெறகு நாக்கு பழகிரும், அதுக்கப்புறம் கடச் சாப்பாடுதான் கரிக்கும்.

வீட்டுல பிரஷர் உள்ள ஆளுக்கு மட்டும் தனிக் கறி வைக்காதீங்க. பாவம், அவங்க ஒதுங்கிப் போயிருவாங்க, ரெண்டாவது நாளே விட்டுருவாங்க. மொத்த வீட்டுக்கும் கொறைங்க, புள்ளைங்களுக்கும் நல்லதுதான்.

இந்துப்பு, ரோஸ் கலர் உப்பு நல்லதாமே?

அதுவும் உப்புதான், சோடியம் கிட்டத்தட்ட அதே அளவு. காச வீணாக்காதீங்க. பொட்டாசியம் கலந்த உப்புன்னு ஒண்ணு இருக்கு, அது வேற சாமான். சீனாவுல 600 கிராமங்கள்ல அத குடுத்து பாத்து பாரிசவாதம் (ஸ்ட்ரோக்) கொறஞ்சதுன்னு 2021ல எழுதினாங்க. ஆனா கிட்னி வருத்தம் இருக்குறவங்களுக்கும் லொசார்டன், எனலாப்ரில் மாதிரி குளிச எடுக்குறவங்களுக்கும் பொட்டாசியம் ரத்தத்துல கூடி ஆபத்தாகலாம், டொக்டர்ட்ட கேக்காம தொடாதீங்க.

தேத்தண்ணி குடிக்கலாமா?

தேயில ஊர்ல இருந்துட்டு இதுக்கு இல்லன்னு சொல்ல ஏலுமா. குடிக்கலாம். குடிச்ச ஒடனே கொஞ்ச நேரம் லேசா ஏறும், தினம் குடிக்கிறவங்களுக்கு அதுவும் பெருசா இருக்காது. நாளைக்கு மூணு நாலு கப் பிரச்சின இல்ல, சீனிய கொறைங்க. இந்தியாவுல அஸ்ஸாம் தோட்டங்கள்ல தேத்தண்ணில உப்பு போட்டு குடிக்கிற பழக்கம் இருக்கு, அங்க தோட்டத்து ஆளுங்களுக்கு பிரஷர் அதிகம்னு ஆராய்ச்சி பண்ணினவங்க அந்த உப்பத்தான் ஒரு காரணமா காட்டுறாங்க. தேத்தண்ணி மேல பழி இல்ல.

வெத்தல, பொகயில?

வெத்தலய விட பொகயிலதான் இதுல பிரச்சின. மெல்லுற பொகயிலையிலயும் நிகொட்டின் இருக்கு, வாய்ல அடக்கி வச்சிருக்குற நேரம் பூரா இதயம் வேகமா அடிக்கும், கொழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். குளிருக்கும் பசிக்கும் போடுறோம்னு அம்மாமாருங்க சொல்லுவாங்க, எனக்கு வெளங்குது, ஆனா வாய்ப் புத்துநோயும் இதுலதான் வருது. ஒரேயடியா ஏலாட்டி மொத பொகயிலைய விடுங்க, பெறகு பாக்கையும் விடுங்க. சாராயம், கசிப்பு ரெண்டும் பிரஷர ஏத்தும், அதோட குடிச்ச அன்னைக்கு ராத்திரி யாரும் குளிச போடுறதில்ல.

குளிச போட்டு இப்ப நோர்மலா வந்திருச்சு, நிப்பாட்டலாம்தானே?

இந்தப் பக்கத்துல ஒரே ஒரு பதில்தான் வாசிக்க நேரம் இருக்குன்னா இத வாசிங்க.

நோர்மலா வந்தது வருத்தம் போனதால இல்ல, குளிச போடுறதால. குளிச நிப்பாட்டினா அன்னைக்கே ஏறாது, அதுதான் ஆள ஏமாத்துது. அம்லோடிபின் மாதிரி குளிச ஒடம்ப விட்டுப் போக நாள் கணக்காகும், அதனால மொத ரெண்டு மூணு நாள் அளந்து பாத்தாலும் நல்லாவே இருக்கும், "பாத்தீங்களா, குளிச இல்லாமலே நல்லாத்தான் இருக்கு"ன்னு வந்து சொல்லுவாங்க. பெறகு மெதுவா ஏறி பழைய எடத்துக்கே போயிரும், வலி இல்லாததால ஆளுக்கு தெரியாது. அடெனொலோல் மாதிரி சிலத திடீர்னு விட்டா நெஞ்சு படபடப்பு, நெஞ்சு வலிகூட வரும்.

ஒரு ஐயா அவரோட கிளினிக் கொப்பிய கவுண்டர்ல வச்சாரு. மொத பக்கத்துல 168/100. அடுத்தது 146/90. அடுத்தது 134/82, அதுக்குப் பக்கத்துல டொக்டர் ஒரு சரி அடையாளம் போட்டிருக்காரு. பெறகு ரெண்டு மாசம் ஒண்ணுமே இல்ல, வெத்துக் கட்டம். அதுக்கு அடுத்த தேதில 174/104. ஏன்னு கேட்டா, "அதான் டொக்டர் சரி போட்டாரேம்மா, சொகமாயிருச்சுன்னுதான் விட்டேன்"னு சொல்றாரு. அந்த சரி அடையாளத்துக்கு அர்த்தம் குளிச நல்லா வேல செய்யுதுங்கிறதுதான்னு யாராச்சும் ஒரு நிமிஷம் ஒதுக்கி அவருக்கு சொல்லியிருக்கணும்.

மேல் நம்பர் ஒரு 10 கொறஞ்சா பாரிசவாதம் வர்ற ஆபத்து நாலுல ஒரு பங்குக்கு மேல கொறையுதுன்னு நெறைய ஆராய்ச்சிய ஒண்ணா சேத்து பாத்து சொல்லியிருக்காங்க, 2016ல வந்த கணக்கு அது. சின்ன வெள்ளக் குளிச ஒண்ணுக்கு அவ்வளவு வேல இருக்கு.

உப்ப கொறச்சு, எடைய கொறச்சு, பொகயில சாராயம் விட்டு நம்பர் ரொம்ப எறங்கினவங்களுக்கு டொக்டர்மாரே அளவ கொறைப்பாங்க. அத அவங்க பண்ணட்டும்.

தீவாளிக்கு கொழும்புல மகன் வீட்டுக்கு போறப்போ, ஊருக்கு கல்யாணத்துக்கு போறப்போ, வெளிநாட்டுக்கு வேலைக்கு கெளம்புறப்போ குளிச பையில இருக்கான்னு பாருங்க. அதிகமா விட்டுப் போறது அந்த நாள்லதான். ஒரு நாள் மறந்துட்டா அதே நாள் ஞாபகம் வந்தா போடுங்க, அடுத்த நாள்தான் ஞாபகம் வந்ததுன்னா அன்னைக்கு உள்ள அளவ மட்டும் போடுங்க, ரெண்டா சேத்து போடாதீங்க.

குளிச தொடர்ந்து போட்டா கிட்னி பழுதாகிருமாமே?

கிட்னிய பழுதாக்குறது கட்டுப்படாத பிரஷர். லயத்துல யாருக்காச்சும் பிரஷரும் இருந்து கிட்னியும் போயிருந்தா பழி குளிசைக்குத்தான் போகுது, ஆனா முக்காவாசி அவங்க குளிச ஒழுங்கா போடாத ஆளா இருப்பாங்க. லொசார்டன், எனலாப்ரில் எல்லாம் சீனி வருத்தக்காரங்களுக்கு கிட்னிய காப்பாத்தவே குடுக்குற மருந்து. அத தொடங்கினா கொஞ்ச நாள்ல ஒரு ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லுவாங்க, அத மட்டும் தவறாம பண்ணுங்க. ரொம்ப வயித்தால போயி வாந்தி எடுத்து ஒடம்பு காஞ்சு போன நாள்ல இந்த குளிசைய போடவான்னு டொக்டர்ட்ட கேட்டுட்டு போடுங்க.

குளிச தொடங்கினதுல இருந்து வறட்டு இருமல். காலும் வீங்குது.

இருமல்னா எனலாப்ரில், கப்டோப்ரில் வகையா இருக்கும், சளி இல்லாம தொண்டைய சொறியிற மாதிரி இருமல். நம்ம ஆளுங்க குளிருக்குன்னு நெனச்சு மாசக் கணக்கா பாணி மருந்து வாங்கி குடிப்பாங்க. கால் வீக்கம்னா அம்லோடிபின், நிபெடிபின் பக்கம் பாக்கணும். ரெண்டுக்கும் மாத்து குளிச இருக்கு, அடுத்த கிளினிக்ல சொல்லுங்க, ஆனா சொல்லாம நீங்களா நிப்பாட்டிராதீங்க. ஒதடு, நாக்கு, மொகம் வீங்கினா மட்டும் அந்த குளிசைய போடாம ஒடனே ஆஸ்பத்திரி.

ஆம்பளைங்க சிலர் யாரும் இல்லாத நேரமா வந்து மெதுவா இன்னொன்னு கேப்பாங்க. ஆமா, சில குளிசைக்கு ஆம்பளத் தன்மையில கொறவு வரலாம், கட்டுப்படாத பிரஷராலயும் அது வரும். வெக்கப்படாம டொக்டர்ட்ட சொன்னா மாத்தித் தருவாங்க.

எனக்கு ரெண்டு மூணு வகக் குளிச தந்திருக்காங்க. வருத்தம் முத்திருச்சா?

அப்படி இல்ல. ஒவ்வொரு குளிசையும் வேற வேற வழில வேல செய்யுது, ஒண்ணையே பெரிய அளவுல குடுக்குறதவிட ரெண்டு மூண கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா பிரஷரும் நல்லா எறங்கும், பக்க விளைவும் கொறையும். இத நம்ம நாட்டுலயே சோதிச்சு பாத்திருக்காங்க. 2018ல வந்த ஆராய்ச்சி, இலங்க ஆஸ்பத்திரிகள்ல 700 பேர், மூணு மருந்த சின்ன அளவுல ஒரே குளிசையில சேத்து குடுத்ததுல ஆறு மாசத்துல நூத்துக்கு 70 பேருக்கு பிரஷர் கட்டுப்பட்டுச்சு, வழக்கமான மருத்துவத்துல 55 பேருக்குத்தான். உலகமே பாத்த ஆராய்ச்சி அது.

கவர்ல எழுதியிருக்குறது வெளங்கல, எத எப்ப போடுறது?

இத கேக்கும்போது எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். சின்ன பேப்பர் கவர்ல சிங்களத்துல ஒரு வரி, குளிச எல்லாம் வெள்ளையா ஒரே மாதிரி. கேக்க வெக்கப்பட்டு வாங்கிட்டு வந்துருவாங்க. வெக்கப்பட ஒண்ணுமில்ல, மருந்து குடுக்குற எடத்துலயே கேளுங்க. கவர் மேல காலைக்குன்னா சூரியன், ராவைக்குன்னா நிலா வரைஞ்சு வைங்க, எத்தன குளிசையோ அத்தன கோடு. பள்ளிக்கூடம் போற பேரப்புள்ளைங்க இத அழகா செஞ்சு குடுப்பாங்க. ஒரு கவர்ல உள்ளத இன்னொரு கவருக்கு மாத்தாதீங்க.

அத விட முக்கியம், ஒரே மருந்து ரெண்டு பேர்ல வரும். கவுர்மெண்ட் ஆஸ்பத்திரில லொசார்டன்னு தருவாங்க, டவுன்ல தனியார் டொக்டர் எழுதினது கம்பெனி பேர்ல இருக்கும், உள்ள அதே லொசார்டன்தான். ரெண்டையும் போட்டு தல சுத்தி விழுந்தவங்க இருக்காங்க. எங்க போனாலும் எல்லா குளிசையும் கொப்பியும் ஒரே பையில கொண்டு போங்க.

பூண்டு, முருங்க எல, கசாயம் இதுல கொறையாதா?

சாப்பாட்டுல சேருங்க, நல்லது. கீர, பருப்பு, வாழப்பழம், நம்ம ஊர் கெரட், லீக்ஸ், பீட்ரூட் எல்லாம் நல்லதுதான். பூண்டுக்கு கொஞ்சம் பலன் இருக்குன்னும் சொல்றாங்க. ஆனா 170 உள்ள ஆளுக்கு அது பத்தாது. நாட்டு மருந்த நான் கேவலமா பேசல, சர்ப்பகந்தா வேருல இருந்துதான் ரிசர்பின்னு பிரஷர் மருந்த 1952ல பிரிச்சு எடுத்தாங்க, ரொம்ப காலம் உலகம் பூரா குடுத்தாங்க. பெறகு மனச்சோர்வு மாதிரி பக்க விளைவால கொறைஞ்சு போச்சு. மூலிகைன்னா பக்க விளைவு இல்லங்கிறது சரியில்லன்னு காட்டத்தான் சொல்றேன். அதிமதுரத்த கவனிங்க, தடிமன் இருமலுக்கு கசாயத்துல போடுவோமே, அத தொடர்ந்து நாள் கணக்கா குடிச்சா பிரஷர் ஏறும், பொட்டாசியம் எறங்கும்.

இடுப்பு வலிக்கு குளிச வாங்கிப் போடுறேன், பரவால்லியா?

இத நான் ஒவ்வொருத்தர்ட்டயும் கேக்குறேன், ஏன்னா நம்ம ஊர்ல இடுப்பு வலி இல்லாத கொழுந்துக்காரி இல்ல. டைக்ளோபெனக், இபுபுரோபன் இந்த வகையெல்லாம் ஒடம்புல உப்பயும் தண்ணியயும் தேக்கி பிரஷர ஏத்தும், பிரஷர் குளிசையோட வேலையக் கெடுக்கும், கிட்னிக்கும் கூடாது. கடையில "வலிக்கு ஒண்ணு குடுங்க"ன்னு கேக்கும்போது "எனக்கு பிரஷர் இருக்கு"ன்னு சேத்து சொல்லுங்க. சாதாரண பரசிட்டமோல் சரியான அளவுல பரவால்ல, தண்ணில போட்டா பொங்குற வகைல சோடியம் நெறைய இருக்கு, அத தவிருங்க. மூக்கடைப்பு குளிச சிலதும் பிரஷர ஏத்தும், கருத்தட குளிசையும் சிலருக்கு ஏத்தும்.

புள்ளத்தாச்சிக்கு பிரஷர் வந்தா?

இது சாதாரண விஷயம் இல்ல. அஞ்சாம் மாசத்துக்கு மேல 140/90 வந்து, கடும் தலவலி, கண்ணுல மின்னுற மாதிரி, மேல் வயித்து வலி, மொகம் கை திடீர் வீக்கம் இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி, விடியட்டும்னு பாக்காதீங்க. வலிப்பு வந்து தாயும் புள்ளையும் போற நெலம அதுல இருக்கு. பெத்த பெறகும் ஆறு கிழமைக்கு கவனம். ஏற்கனவே பிரஷர் குளிச எடுக்குற பொம்பளைங்க புள்ள தங்க யோசிக்கும்போதே டொக்டர்ட்ட சொல்லணும், எனலாப்ரில், லொசார்டன் வயித்துல உள்ள புள்ளைக்கு கூடாது, அதுக்கு வேற பாதுகாப்பான குளிச இருக்கு. மிட்வைஃப் வரும்போது மறைக்காம சொல்லுங்க.

சிவனொளிபாத மல ஏறலாமா?

கட்டுப்பாட்டுல இருந்தா ஏறலாம். டிசம்பர் பௌர்ணமில இருந்து வெசாக் வரைக்கும் சீசன், நல்லதண்ணி பக்கத்துல இருந்து 5000 படிக்கு மேல, 2243 மீட்டர் உயரம், அதுவும் நடு ராத்திரில குளிர்ல. போறதுக்கு ஒரு கிழமைக்கு முன்னால அளந்து பாருங்க, 160க்கு மேல நின்னா டொக்டர்ட்ட கேக்காம ஏறாதீங்க. இதய வருத்தம் இருந்தா கட்டாயம் கேக்கணும். அன்னைக்கும் குளிச போடணும், "வழில ஒண்ணுக்கு வரும்"னு தண்ணிக் குளிசைய விடுறவங்க இருக்காங்க, எந்த நேரத்துல போடலாம்னு முன்னாடியே கேட்டு வச்சுக்குங்க. நெஞ்சு இறுக்கினா, மூச்சு எடுக்க ஏலாட்டி அங்கயே ஒக்காருங்க, உச்சிக்கு இன்னும் கொஞ்சம்தான்னு ஏறாதீங்க.

விரதத்துக்கு?

தண்ணியோட குளிச போட்டா விரதம் கெடாது. சஷ்டி ஆறு நாளும் குளிச விடாதீங்க. தண்ணியும் குடிக்காத விரதம்னா டொக்டர்ட்ட கேளுங்க.

திடீர்னு 190 காட்டுது, என்னா செய்றது?

மொத ஒக்காந்து அஞ்சு நிமிஷம் விட்டு மறுபடி பாருங்க. 180/120க்கு மேல நின்னு, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கண் மங்கல், கொளறுன பேச்சு, ஒரு பக்கம் வெலங்காம போறது, கடும் தலவலி ஏதாவது இருந்தா ஒடனே 1990க்கு எடுங்க, அம்புலன்ஸ் இலவசம். ஒண்ணும் இல்ல, நம்பர் மட்டும் கூடன்னா பதறாதீங்க, விட்டுப்போன குளிசைய போட்டுட்டு அன்னைக்கோ அடுத்த நாளோ டொக்டர பாருங்க. ஒண்ணுக்கு ரெண்டா குளிச போடுறது, அடுத்த வீட்டுக்காரரோட குளிசைய வாங்கி போடுறது, நாக்குக்கு அடில நிபெடிபின் வைக்கிறது எதுவும் வேணாம். பிரஷர் திடீர்னு கீழ விழுந்தா மூளைக்கு ரத்தம் பத்தாம போகும்.

பாரிசவாதத்துக்கு அடையாளம், சிரிக்கச் சொன்னா வாய் ஒரு பக்கம் கோணும், ரெண்டு கையையும் தூக்கச் சொன்னா ஒண்ணு விழும், பேச்சு கொளறும். எத்தன மணிக்கு தொடங்கிச்சுன்னு நேரத்த பாத்து வைங்க, கட்டிய கரைக்கிற ஊசி தகுந்தவங்களுக்கு நாலரை மணித்தியாலத்துக்குள்ளதான் போட ஏலும். நம்ம தோட்ட ரோட்டுல அம்புலன்ஸ் லயம் வரைக்கும் வர ஏலாத எடம் இருக்கு, அதனால போன் எடுத்த கையோட இருக்குற வாகனத்துல ஆள ஏத்தி மெயின் ரோட்டுக்கு எறக்குங்க, எங்க நிக்குறோம்னு அவங்களுக்கு சொல்லுங்க. வாய்ல தண்ணி, தேத்தண்ணி, அஸ்பிரின் ஒண்ணும் குடுக்காதீங்க. விரல் நுனில ஊசியால குத்தி ரத்தம் எடுங்கன்னு வட்ஸ்அப்ல வருமே, அது பொய், அதுல போற நிமிஷம் திரும்பி வராது.

கிளினிக் போனா ஒரு நாள் பேர் (அன்னைக்கு சம்பளம்) போயிருது, என்னா செய்ய?

இதுக்கு என்கிட்ட முழுப் பதில் இல்ல. அரைப் பேர் கூட கெடைக்காம விடியக்காலைல பஸ் ஏறி, நம்பர் எடுத்து, மத்தியானம் வரைக்கும் நின்னு, ஒரு மாசத்து குளிச வாங்கி வர்றது லேசான காரியம் இல்ல. செய்யக்கூடியது சிலது இருக்கு. கட்டுப்பாட்டுல இருந்தா ரெண்டு மாசத்துக்கு குளிச தர ஏலுமான்னு டொக்டர்ட்ட கேளுங்க. தோட்டத்து மருந்து காம்பராவுல பிரஷர் பாக்க ஏலும்னா இடையில அங்க பாத்து கொப்பில எழுதி வாங்குங்க. ஒரே லயத்துல நாலு பேருக்கு கிளினிக்னா ஒரே நாளா கேட்டு ஒண்ணா போங்க. கிளினிக் போக ஏலாத மாசம் குளிச முடிஞ்சா சும்மா இருக்காம கொப்பியோட பாமசிக்கு வாங்க, லொசார்டன், அம்லோடிபின் மாதிரி சாதாரண குளிச கம்பெனி பேர் இல்லாம வாங்கினா வெல கொறவு.

வீட்டுக்கு வந்து அளந்து பாத்து ஞாபகப்படுத்துறதுக்கு ஆள் இருந்தா என்ன நடக்கும்னு இலங்க, பங்களாதேஷ், பாகிஸ்தான் கிராமங்கள்ல பாத்தாங்க, 2020ல வந்தது. வழக்கமான மருத்துவம் கெடைச்ச கிராமங்கள விட ரெண்டு வருஷத்துல மேல் நம்பர் சராசரியா 5 கூடுதலா எறங்கியிருந்துச்சு. பெரிய மிஷின் ஒண்ணும் இல்ல, பயிற்சி எடுத்த ஒரு ஆள் வந்து போனதும், டொக்டர்மாருக்கு பயிற்சி குடுத்ததும்தான். நம்ம தோட்டங்களுக்கு இது வரணும்னு சங்கத்துக்காரங்க சம்பளத்தோட சேத்து கேக்கணும்னு நான் நெனைக்கிறேன்.

வீட்டுக்கு மெஷின் வாங்கலாமா, எத வாங்குறது?

ஏலும்னா வாங்குங்க, லயத்துக்கு ஒண்ணா சேந்து வாங்கினாலும் சரி. மேல் கையில கட்டுறது வாங்குங்க, மணிக்கட்டுல கட்டுறது வேணாம். கை தடிச்சவங்களுக்கு பெரிய பட்டி வேணும், சின்ன பட்டி கட்டினா கூட்டிக் காட்டும். வாங்கின பெறகு ஒரு தடவ கிளினிக்குக்கு கொண்டு போயி அங்க பாக்குற நம்பரோட ஒப்பிட்டு பாருங்க. தினம் பத்து தடவ பாக்காதீங்க, பயத்துலயே ஏறும். கிளினிக்குக்கு முந்தின கிழமை காலைல குளிச போடுறதுக்கு முன்னால ரெண்டு, பொழுதுபட ரெண்டுன்னு பாத்து தேதியோட எழுதி கொப்பிக்குள்ள வைங்க. பெட்டரிய மாத்த மறந்துறாதீங்க, கொறஞ்ச பெட்டரில பட்டி ஒழுங்கா ஊதாது.